கூடுதல் பிரீமியம் கடற்கரையைக் காக்காது

கடலை ஒட்டி வீடு கட்டியவர்கள் அதற்கான காப்பீட்டுச் செலவையும் தாங்களே முழுதாகச் சுமக்கட்டும் என்ற கருத்து, பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிறவர்களிடமும் காப்பீட்டுத் துறையினரிடமும் இன்று கேள்வியில்லாமல் ஏற்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வாதம் இதுதான்: 2012 அக்டோபர் 31இல் நீலம் புயலும் 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தன. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் சற்றுத் தெற்கே, புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. இப்படிப்பட்ட கரையில் இருக்கும் வீட்டுக்கும் உள்நாட்டு வீட்டுக்கும் ஒரே விகிதத்தில் பிரீமியம் வாங்கினால், கடலோரத்துக்காரரின் ஆபத்துக்கு மற்றவர்கள் பணம் கட்டுவதாகிவிடும். ஆபத்துக்கேற்ப விலையை ஏற்றினால் புதிதாகக் கட்டுவது குறையும், கட்டியவர்களும் மெல்லப் பின்வாங்குவார்கள், சட்டம் செய்யத் தவறியதைச் சந்தை செய்து முடிக்கும். கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதத்தை, முட்டுக்காட்டில் தொடங்கிக் கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக இடைக்கழிநாடு வரை நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கரையில் வைத்துச் சோதித்தால் அது ஓரிடத்திலும் நிற்பதில்லை. ஆபத்தை உண்டாக்குகிறவரைத் தொடாமல் விட்டுவிட்டு, ஆபத்தில் வாழ்கிறவரைக் காப்பீட்டுக்கு வெளியே தள்ளுவதுதான் அதன் விளைவாக இருக்கும்.

பிரீமியம் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நாட்டின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே வடிவிலான வீட்டுக் காப்பீட்டை விற்கின்றன. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே காப்பு உண்டு. நல்ல பாலிசிதான். ஆனால் காப்பீட்டுத் தொகை எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். வீட்டின் பரப்பை, அதே வீட்டை இன்று திரும்பக் கட்டினால் ஆகும் செலவால் பெருக்குகிறார்கள். மனையின் விலை அதில் ஒரு ரூபாய்கூடச் சேராது. இனி கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) கடல் பார்த்த ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 2,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் காப்பீட்டுத் தொகை 50 லட்சம். அதற்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் பிரீமியம் என்றும், புதிய கொள்கை அதை ஐந்து மடங்காக்கி 25,000 ஆக்குகிறது என்றும் ஒரு கணக்குக்கு வைப்போம். மனை மட்டும் 3 கோடி ரூபாய்க்குப் போகும் இடத்தில் இந்த 25,000 ரூபாய் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மனையை வாங்குகிறவர் ஒரு பார்வைக்காகவும், நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையிலும் வாங்குகிறார். தோட்டக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிடக் குறைவான ஒரு தொகை அவர் முடிவை மாற்றும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. வங்கிக் கடன் இல்லாமல் வாங்கியவரென்றால் பாலிசி எடுக்கச் சொல்லி அவரைக் கேட்கவும் ஆள் இல்லை. கடற்கரையில் பணம் புரள்வது நிலத்தில். பிரீமியம் அதன் பக்கமே போவதில்லை.

அடுத்தது, பாலிசி எந்த ஆபத்தை விலக்கி வைத்திருக்கிறது என்பது. வீடு நிற்கும் நிலம் தாழ்வதும் நிலச்சரிவும் காப்பில் சேரும் என்று சொல்லும் பிரிவுக்கு எதிரே, எதெல்லாம் சேராது என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. புதுக் கட்டடத்தில் வழக்கமாக விழும் விரிசல், மண் கொட்டி உயர்த்திய தரை இறங்குவது, மோசமான கட்டுமானம் ஆகியவற்றோடு சேர்த்துக் கடல் அரிப்பும் ஆற்று அரிப்பும் அங்கே விலக்கப்பட்டிருக்கின்றன. பழைய தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களிலும் இருந்த வாசகம்தான் இது. ஆனால் இந்தக் கரையில் வாழ்கிறவருக்கு அதன் பொருள் பெரிது. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்ததில், தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. நாட்டின் சராசரி மூன்றில் ஒரு பங்கு. கடல் பல ஆண்டுகளாக மணலை எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு புயல் இரவில் சுவர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து நிற்கும்போது கேள்வி, புயல் தள்ளியதா, அரிப்பு தள்ளியதா என்பதாகத்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் தள்ளின என்பது மீனவர் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. கடலோரம் என்பதற்காகக் கூடுதல் விலை கேட்பவர்கள், கடலோரத்துக்கே உரிய அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு கேட்கவில்லை.

அந்த அரிப்பு யாரால் வருகிறது என்றும் கேட்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டி எதைக் கட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை போகும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் நூறாண்டுப் பாடம். புதுச்சேரித் துறைமுகம் அதைத் திரும்பவும் காட்டியது. ஓர் ஊரைக் காக்கக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊர் அதற்கு வடக்கே தன் கரையை இழக்கிறது. பிறகு அங்கேயும் ஒரு தூண்டில் வளைவு கேட்டு மனு போகிறது. நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலைக்குப் பக்கத்திலுள்ள சூலேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள், ஆலைப் பணிகளுக்குப் பிறகுதான் தங்கள் கரை கரைந்தது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கருங்கல் போட்டுக் காத்தது சரியான முடிவு. ஆனால் அந்தச் செலவை யாரும் கோயிலின் பிரீமியத்தில் ஏற்றவில்லை, பொதுப்பணத்தில்தான் செய்தோம். துறைமுகத்தையும் ஆலையையும் கட்டியவர்கள் உண்டாக்கிய ஆபத்துக்கு, அதன் வடக்கே குடியிருப்பவர் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும் என்பதை ஆபத்துக்கேற்ற விலை என்று எப்படி ஏற்பது?

குப்பத்துக்கு வருவோம். கூடுதல் விலை அங்கே என்ன செய்யும்? பாலிசியின் வரையறைப் பகுதி ஓலை, கீற்று, மூங்கில், தார்ப்பாய் கொண்ட சுவரோ கூரையோ உள்ள வீட்டைக் 'கச்சா' என்று தனியே பிரிக்கிறது. கான்கிரீட் வீடு இருந்தாலும் பல குப்பங்களில் தனித்தனிப் பட்டா இல்லை. இவ்வளவையும் தாண்டிப் பாலிசி எடுக்கக்கூடியவர், வலையில் மீன் விழாத மாதத்தில் முதலில் நிறுத்தும் செலவு அதுதான். கட்டாயமில்லாத காப்பீட்டில் விலை ஏறினால் வீடு நகராது, பாலிசிதான் கைவிடப்படும். வருமானம் குறைந்தவர் முதலில் விலகுவார், தனக்கு அபாயம் குறைவு என்று நினைப்பவர் அடுத்து விலகுவார், மிஞ்சுகிறவர்களை வைத்து நிறுவனம் விலையை இன்னும் ஏற்றும். நாட்டின் பொதுக் காப்பீட்டுப் பிரீமியம் முழுவதும் சேர்ந்தே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி வாகனத்துக்கும் மருத்துவத்துக்கும் உரியது. வீட்டுக் காப்பீடு இன்னும் வேர் பிடிக்காத நாட்டில், அதன் விலையை ஆயுதமாகப் பயன்படுத்த நினைப்பது விதையைச் சமைத்துவிட்டு விளைச்சல் கேட்பதற்குச் சமம்.

விலை வைத்து மக்களைக் கரையிலிருந்து நகர்த்தும் இந்தத் தருக்கம் நமக்குப் புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட அரசாணை 172, உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவருக்கு இரண்டு வழி வைத்தது. 200 மீட்டருக்கு அப்பால் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பிலான வீடு இலவசம். இருந்த இடத்திலேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. காலி செய்த இடம் அரசுக்கு. படகைக் கண்ணில் வைத்திருக்க வேண்டிய, கடலின் நிறம் பார்த்துத் தொழிலுக்கு இறங்க வேண்டிய மக்களிடம் பாதுகாப்பை இப்படி விலைபேசினோம். மறுபுறம், 2019 ஜனவரியில் ஒன்றிய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் புதிதாக வெளியிட்டபோது, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டடத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் அபாயம் எட்டும் எல்லையாக இந்திய நில அளவைத் துறை நாடு முழுதும் வரைந்த அபாயக் கோட்டை, பேரிடர் மேலாண்மைக்கான கருவி மட்டுமே என்று சொல்லி ஒழுங்குமுறையிலிருந்து விலக்கியும் வைத்தது. வரைந்த கோட்டைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த வேலையைப் பிரீமியம் செய்யட்டும் என்பது பொறுப்பைக் கைகழுவுவதுதான். கடலோரத்தில் புதிதாகக் கட்டுவதை நிறுத்த வேண்டுமா? வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். அதற்குத் திட்ட அனுமதியை மறுக்க வேண்டும். அனுமதியைக் கொடுத்துவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்தை ஏவிவிடக் கூடாது.

இதற்கு எதிராக வலுவான கேள்வி ஒன்று உண்டு: உள்நாட்டில் இருப்பவர் எதற்காகக் கடலோரத்துக்காரருக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்? இதே மாவட்டமும் அதைச் சுற்றிய ஊர்களுமே பதில் சொல்கின்றன. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அங்கிருந்து கடலைப் பார்க்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை கடந்தது. நீரில் நின்றவை வேளச்சேரியும் பள்ளிக்கரணையும். ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த நாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. புயலின் காற்று கரையோடு அடங்கலாம், அதன் நீர் அடங்குவதில்லை. பள்ளிக்கரணைத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்தாலும், வழியிலுள்ள கழிவெளியில் மண் கொட்டி மனை போட்டாலும், அதன் விலையை வேளச்சேரிக்காரர் கொடுக்கிறார். கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை வைத்து ஆபத்தை அளப்பவர்கள் தமிழ்நாட்டு வெள்ளத்தை அறியாதவர்கள். தாம்பரத்துக்காரரும் கோவளத்துக்காரரும் திருவண்ணாமலைக்காரரும் ஒரே காப்பீட்டுத் தொகுப்பில் இருப்பது யாரும் யாருக்கும் போடும் பிச்சை ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு அடி வேறு வேறு இடத்தில் விழுகிறது.

இரண்டாவது மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1968இல் தொடங்கிய அங்குள்ள தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் பல வீடுகளுக்கு விலையைக் குறைத்தே வைத்திருந்தது. விளைவு, திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளை அதே இடத்தில் கட்டிக் கொடுத்து, கருவூலத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டது. மலிவான காப்பீடு தவறான இடத்தில் கட்டத் தூண்டும் என்பதற்கு இதைக் காட்டுகிறார்கள். இந்த அச்சம் உண்மையானது, இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அந்தத் திட்டம் கெட்டது விலை குறைவால் மட்டும் இல்லை. எந்த வீட்டுக்குக் காப்பு உண்டு, எத்தனை முறை உண்டு என்ற எல்லையை உறுதியாகப் போடாததால் கெட்டது. மறுபுறம், அதே நாட்டின் புளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டின் விலை எங்கோ ஏறிவிட்டது. தனியார் நிறுவனங்கள் விலகியதால் அரசு அமைத்த சிட்டிசன்ஸ் நிறுவனத்திடம் 2023இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாலிசிகள் குவிந்தன. மக்கள் கரையை விட்டுப் போனார்களா? 2020க்குப் பிறகும் புளோரிடாவின் மக்கள்தொகை கூடிக்கொண்டேதான் போனது. விலையேற்றம் கரையைக் காலி செய்யும் என்று சொல்கிறவர்களுக்கு, அதை மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்த இடமே எதிர்ச்சாட்சி சொல்கிறது.

எல்லை போட்டுச் செய்தவர்களும் உலகில் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2016இல் தொடங்கிய 'ஃப்ளட் ரீ' திட்டம், வெள்ள அபாயத்திலுள்ள வீடுகளின் காப்பீட்டைக் கட்டுபடியாகும் விலையில் வைத்திருக்க எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் தீர்வை வசூலிக்கிறது. ஆனால் 2009 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு அதில் இடமில்லை. ஏற்கெனவே இருப்பவருக்குப் பாதுகாப்பு, தெரிந்தே புதிதாகக் கட்டுகிறவருக்கு அது இல்லை என்று ஒரு தேதியில் கோடு கிழித்துவிட்டார்கள். பிரான்சு 1982 முதல் நாடு முழுதும் ஒரே விகிதத்தில் வீட்டுக் காப்பீட்டின் மேல் இயற்கைப் பேரிடர்க் கட்டணம் வாங்குகிறது. 12 சதவீதமாக இருந்ததை 2025 ஜனவரியில் 20 ஆக்கினார்கள். மலையில் இருப்பவரும் கட்டுகிறார், கடலோரத்தில் இருப்பவரும் கட்டுகிறார். மலிவு விலையும் கண்டிப்பான எல்லையும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு இவை போதும்.

காப்பீடே வேண்டாம், அரசு நிவாரணம் இருக்கிறதே என்று சொல்வோரும் உண்டு. மாநிலப் பேரிடர் நிதியின் 2022-26 விதிகளின்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமடைந்த கான்கிரீட் வீட்டுக்கு 6,500. ஆனால் 2024இல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட இதே அரசு ஒதுக்கும் தொகை மூன்றரை லட்சம். அதாவது கட்ட எவ்வளவு ஆகும் என்று அரசுக்கே தெரியும், இடிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறது. நிவாரணம் யாருக்கு, எந்த வட்டத்துக்கு, எவ்வளவு என்பது ஒவ்வொரு புயலுக்கும் ஓர் அறிவிப்பைப் பொறுத்தது. காப்பீடு என்பது ஒப்பந்தம். தராவிட்டால் குறைதீர்ப்பாளரிடமும் நுகர்வோர் ஆணையத்திடமும் போகலாம். நிவாரணம் கேட்டு வரிசையில் நிற்கிறவருக்கு அந்த உரிமை இல்லை.

நிறுவனங்களால் தாங்க முடியாது என்பது கடைசி வாதம். தனித்தனியாகத் தாங்க முடியாது, உண்மை. காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் ஆபத்துக்கு எடுக்கும் மறுகாப்பீட்டின் விலை மியூனிக்கிலும் சூரிக்கிலும் முடிவாகிறது. 2022இல் புளோரிடாவை இயான் புயல் அடித்த பிறகு உலகெங்கும் அது ஏறியது. அதற்காகத்தான் தொகுப்பு வேண்டும் என்கிறேன். அதை இந்தியா ஏற்கெனவே இரண்டு முறை செய்திருக்கிறது. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத ஆபத்தை ஏற்க வெளிநாட்டு மறுகாப்பீட்டாளர்கள் மறுத்தபோது, 2002 ஏப்ரலில் அரசு மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீயின் நிர்வாகத்தில் நம் நிறுவனங்கள் ஒரு தொகுப்பு அமைத்தன. அதில் விகிதம் கட்டடத்தின் வகையைப் பொறுத்தது, ஊரைப் பொறுத்தது அல்ல. மும்பைக்காரருக்கு ஒன்று, மதுராந்தகத்துக்காரருக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. 2015 ஜூனில் அணு உலைகளுக்காக 1,500 கோடி ரூபாயில் இன்னொரு தொகுப்பு வந்தது. கல்பாக்கம் உலைக்கு அப்படி ஒரு கூட்டுப் பாதுகாப்பு கிடைத்தது. அதன் மதிலுக்கு வெளியே சதுரங்கப்பட்டினத்தில் வாழும் குடும்பத்துக்கு மட்டும் தனித்து நின்று சந்தை விலை கொடு என்கிறோம். 2021இல் நாகாலாந்து, மழை அளவு ஒரு வரம்பைத் தாண்டினாலே தொகை வரும்படி மாநில அரசே காப்பீடு எடுக்கும் முறையைத் தொடங்கியது. நாகாலாந்தால் முடிந்தது தமிழ்நாட்டால் முடியாதா?

தமிழ்நாடு அரசிடமும் ஐஆர்டிஏஐயிடமும் நான் கேட்பது இவைதான். குடியிருக்கும் சொந்த வீடுகளுக்கு மாநிலம் முழுதும் ஒரே விகிதத்தில் புயல் வெள்ளத் தொகுப்பு ஒன்று அமைக்க வேண்டும். 2019 அறிவிக்கைக்குப் பிறகு அபாயக் கோட்டுக்குள் எழுந்த பண்ணை வீட்டுக்கும் ரிசார்ட்டுக்கும் அதில் இடம் தரக் கூடாது. மீனவர் குடியிருப்பு எந்தத் தேதியில் கட்டியதானாலும் சேர வேண்டும், அரிப்பு விலக்கும் அவர்களுக்குப் பொருந்தக் கூடாது. அரிப்பை உண்டாக்கும் கட்டுமானத்தின் திட்டச் செலவிலேயே அதற்கான நிதி வெட்டப்பட வேண்டும். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரில் நீக்கிய 18 சதவீத ஜிஎஸ்டியை வீட்டுக் காப்பீட்டுக்கும் நீக்கும்படி மாநிலம் ஜிஎஸ்டி மன்றத்தில் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் நாளாகும் என்றால், இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கனவு இல்லத் திட்டத்தின் அடுத்த அரசாணையில், கட்டி முடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்தாண்டு 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை அரசே எடுத்துக் கொடுக்கும் என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பாலிசியைப் பத்தாண்டு வரை எடுக்க விதி ஏற்கெனவே இடம் தருகிறது.